யாரும்மா நீ?

தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்குது, எனக்கு மட்டும் சிரிப்பு வரல. ஏன்னா அப்பா ஜோக் அடிக்கல.

புதன்கிழமை மத்தியான நாடகம், ரெண்டாவது அங்கம். அப்பா துணிக்கடை முதலாளி, நான் பாரிஸ்ல படிச்சுட்டு வர்ற அவரோட பொண்ணு, அம்மா சமையக்காரி. நிஜத்துலயும் அதே குடும்பம்தான், போஸ்டர்ல 'டான்ஸ்லி குடும்பம்'னுதான் போடுவாங்க. ஒப்பந்தமும் மூணு பேருக்கும் சேர்த்து ஒண்ணுதான். நான் குடையோட உள்ள வந்ததும் அவர் "வந்துட்டியா கண்ணு"ன்னு சொல்லணும், உடனே எங்க பாட்டு. ஆனா அவர் என்னையே பாக்கறாரு. தொப்பியைக் கழட்டி, ரொம்ப மரியாதையா, "யாரும்மா நீ?"ங்கறாரு.

எங்க வீட்டுல ஒருத்தர் மேடையில தடுமாறினா அடுத்தவங்க அதை ஜோக்காக்கிடணும், அப்படியே பழகிட்டோம். "உங்க பொண்ணுதாம்ப்பா, என் தொப்பி மட்டும்தான் புதுசு"ன்னேன். கேலரி அதிருது.

அங்கம் முடிஞ்சு மேடைக்குப் பின்னாடி வந்தா மேனேஜர் கிராப்ட்ரீ நிக்கறாரு. "ஹொரேஸ், பெரிய ஆளுய்யா நீ. சாயங்காலமும் அதையே வை. தியேட்டர் முதலாளி வர்றாரு, அடுத்த நாடகத்துக்கு உங்களையே போடலாம்னு யோசிக்கறாரு."

"எதை வைக்கணும்?"ன்னாரு அப்பா.

"பாருங்க, இறங்கி வந்தும் விடமாட்டேங்கறான்!" கிராப்ட்ரீ சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.

மேக்கப் ரூம்ல அம்மா அவர் கையில டீயைக் குடுத்துட்டு, "ரெண்டே வார்த்தை ஹொரேஸ், சொல்லுங்க"ன்னா.

"பெத்த பொண்ணைப் பாத்து யாருன்னு கேக்கறதா? இது என்னடி ஜோக்கு?"

"ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு."

"நான் படியில உருண்டாலும்தான் அவங்களுக்குப் பிடிக்கும். உருளட்டுமா?"

அவர் சட்டை மாத்தப் போன நேரத்துல, "அம்மா, அவருக்கு நிஜமாவே நான் யாருன்னு தெரியல"ன்னேன்.

"களைப்பும்மா." பவுடரை அப்பிக்கிட்டே இருந்தா. கண்ணாடியில கூட என் முகத்தைப் பாக்கல. "வெளிய எங்கயும் சொல்லாத ஐவி. ஒருத்தர் காதுல விழுந்தா மூணு பேருக்கும் வேலை போயிடும்."

சாயங்காலம் குடையைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கறேன். அவர் கேக்கணும், ஆனா தெரிஞ்சுக்கிட்டே கேக்கணும். அது போதும் எனக்கு.

உள்ள போனேன். தொப்பியைக் கழட்டினாரு. "யாரும்மா நீ?" சிரிப்பு வெடிச்சுது. அந்தச் சத்தத்துக்குள்ள என் காதுகிட்ட குனிஞ்சு, "சரியா சொன்னேனா ஐவி?"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, சிரிச்சுக்கிட்டே பாட்டை முடிச்சேன்.

கைதட்டல் நிக்கவே இல்ல. மேல தனி பாக்ஸ்ல உக்காந்திருந்த முதலாளி எழுந்து நின்னு "இன்னொரு தடவை"ங்கறாரு. இசைக்குழு நடத்தறவர் குச்சியைத் தூக்கிட்டாரு. இன்னொரு தடவைன்னா என் வருகையில இருந்தே ஆரம்பிக்கணும்.

வெளிய ஓடி, மூச்சு வாங்க திரும்ப வந்தேன்.

தொப்பி கழண்டுது. "யாரும்மா நீ?"

முன்னைவிட சிரிப்பு. நான் பக்கத்துல போயி அவர் குனியறதுக்காகக் காத்திருந்தேன். குனிஞ்சாரு. "தப்பா எடுத்துக்காதம்மா, இங்க எல்லாரும் எதுக்குச் சிரிக்கறாங்க?"

பாட்டு ஆரம்பிச்சுடுச்சு. அவர் ரெண்டு கையையும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். எந்தப் பக்கம் திரும்பணும்னு அவருக்குத் தெரியல, நான்தான் திருப்பினேன். இதை நாளைக்கும் வைக்கச் சொல்வாங்க.