முதுகுப் பக்கம் இதயம்

கரப்பான்பூச்சியை மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்தியபோது அம்முவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. காசிமேட்டில் அம்மா விற்கிற மீனை ஆய்ந்து கொடுப்பவள் அவள்தான். வயிற்றில் ஒரு கீறல், குடல் முழுசாகக் கைக்கு வந்துவிடும். கல்லூரிக் கண்காட்சியில் பூச்சியை அறுத்துக் காட்ட ஒருத்தியை இன்று விலங்கியல் ஜஸீமா மேடம் தேர்ந்தெடுக்கப்போகிறார். "என்னிய வுட்டா வேற யாரு கீறா?" என்று காலையில் அம்மாவிடம் மீன் ஏலக் கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மேடம் குனிந்து பார்த்தார்.

"இது என்ன மீனா அம்மு? பூச்சிக்கு நரம்பு வயித்துப் பக்கம், இதயம் முதுகுப் பக்கம்னு எத்தனை தடவ சொன்னேன்? நரம்பையே அறுத்து வச்சிருக்க."

சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த மேசையில் ஜெஸ்லின். காலடிப்பேட்டை மளிகைக் கடைக்காரர் மகள். அம்மு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலே ஜன்னலைத் திறப்பவள். மீன் முள் ஒன்றைக்கூடத் தொட்டிராத அந்த விரல்கள் பூச்சியின் முதுகு ஓடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்திருந்தன. நல்ல நோட்டும் அவளுக்கு, நல்ல பெயரும் அவளுக்கு, இப்போது கத்தியும் அவளுக்கா?

"ஏ அம்மு, இதயம் துடிக்குது பாரு! மேடத்தக் கூட்டிட்டு வாரேன், கொஞ்சம் பாத்துக்கிடு" என்று ஜெஸ்லின் ஓடினாள்.

அம்மு லென்ஸில் கண்ணை வைத்தாள். முதுகின் நடுவே நூல் மாதிரி ஒரு குழாய், அறை அறையாக. வாலிலிருந்து தலைப் பக்கமாக ஒரு சின்ன அலை ஓடியது. பிறகு இன்னொன்று. அழகாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

விளக்குச் சூட்டில் தட்டு காய்ந்துகொண்டிருந்தது. அவசரத்தில் ஜெஸ்லின் உப்புத்தண்ணீர் விட மறந்துவிட்டாள். காய்ந்தால் துடிப்பு நின்றுவிடும். ஐஸ் தீர்ந்த கூடையில் மீன் என்ன ஆகும் என்று தெரிந்தவளுக்கு இது தெரியாதா? அம்மு எதையும் செய்ய வேண்டியதில்லை. பதில்கூடத் தயாராக இருந்தது: "நான் இன்னா பண்ணேன்? சும்மா நின்னுகினு இருந்தேன்."

வெளியே செருப்புச் சத்தம் நெருங்கியது.

ஓர் அலை. வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஓர் அலை, பாதியிலேயே தயங்கியது.

உப்புத்தண்ணீர் நிறைந்த டிராப்பர் எப்படியோ அம்முவின் கையில் இருந்தது. அவள் விரல்கள் அதன் ரப்பரைப் பிடித்திருந்தன, இன்னும் அழுத்தாமல்.