கைக்குப் பாடு கிடையாது

துளசிங்கத்துக்குக் காலையில் பல் துலக்கும்போதே யாரையாவது திட்டியாக வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் வெயிலைத் திட்டுவான். ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை கார்த்திகைக் கடைசியில் மூன்றே நாளில் மொத்தமாகக் கொட்டியதற்கு வானத்தைத் திட்டுவான். தெற்கே அனல்மின் நிலையத்தில் புகை விடும் கூண்டுகளைத் திட்டிவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பான். புன்னைக்குப்பத்தில் அவன் குரல் கேட்கவில்லை என்றால் ஏரிக்குப் போயிருக்கிறான் என்று அர்த்தம். காற்று கரைப் பக்கம் அடித்தால் அப்போதும் கேட்கும்.

அந்த வருடம் அவன் திட்டியதில் ஞாயம் இருந்தது. முகத்துவாரத்தை மணல் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. மழை தன் இஷ்டத்துக்கு வந்தது. பழவேற்காட்டு ஏரித் தண்ணீர் மாசி மாதத்திலேயே காலைச் சுட்டது. தை பிறந்தால் இரண்டு மாதம் விடாமல் ஓடுகிற வெள்ளை இறால் இப்போது பத்து நாள் ஓடினாலே பெரிய விஷயம். வேறு வழியில்லாமல் இரண்டு வருடமாகத் துளசிங்கம் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் போய் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டு வந்தான். சொந்தப் படகு வைத்திருப்பவன் ஊரான் லாரிக்குக் கயிறு இழுப்பதா? வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

இந்தத் தையில்தான் அவனுக்கு நல்ல காலம் பிறந்தது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று குப்பத்தில் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு இல்லாதவன் அந்த இடத்தில் வலையை நனைக்கவும் முடியாது. துளசிங்கத்துக்கு விழுந்த பாடு முகத்துவாரத்து ஓரம், தை அமாவாசைக்கு மறுநாள். இறால் கூட்டமாக ஓடுகிற நாள், அது ஓடுகிற வழி! சீட்டைப் பிரித்துப் பார்த்தவன் பெண்டாட்டி சுதாவைத் தூக்கிச் சுற்றாத குறை. இரண்டு பேருமாக உட்கார்ந்து புது வலை கோத்தார்கள்.

"இந்த ஒரு பாடு ஒழுங்கா வரட்டும் சுதா, அந்தத் தார்ப்பாய் மேஸ்திரிக்கு போன்லயே ஒரு கும்பிடு போட்டுடறேன். என்னால அங்க போவ முடியாது" என்றான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் தாழ்ந்திருந்தது. சுதா வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினாள். அவளுக்கும் அதுதான் வேண்டும்.

அமாவாசைக்குப் பத்து நாள் முன்னால் வலைக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கூட்டியவள் முனியம்மா. பக்கத்து வீட்டுக்காரி, ஐம்பது வயசு, ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்ட இறாலைப் பனையோலைப் பறியில் போட்டுக்கொள்வாள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

அன்றைக்கு அவள் பறியைக் கொண்டுவந்து நடுவில் கவிழ்த்தாள். இறாலோடு கறுப்பாக எண்ணெய் வழிந்தது.

"மோந்து பாருங்க. யாவாரி மூக்கப் பொத்திக்கினு போயிட்டான். ஏரிக்குள்ள யாரோ ஆயிலு கொட்றாங்க. நானும் ரெண்டு மாசமா பாக்கறேன், சேத்துல காலு வச்சா வழுக்குது."

துளசிங்கம் துள்ளி எழுந்தான். "எவன்டா அவன்? ஊர் பூரா புகையா விட்டு வானத்தக் கெடுத்துட்டானுங்க, இப்ப ஏரிலயும் கை வச்சிட்டானா? திருப்பாலைவனம் பக்கத்துலேர்ந்து லீவு நாள்ல படகு சவாரிக்கு வரானுங்களே, அவனுங்கதான். நம்மாளுங்கன்னாலும் விடக் கூடாது தலைவரே! எவன் ஆயிலு டப்பா ஏரில கிடைக்குதோ அவன் அடுத்த பாட்ட வெட்டு! எழுதுங்க நோட்டுல!"

தலைவர் பெருமாள் எதையும் இரண்டு தரம் யோசிக்கிறவர். "அவசரப்படாதடா துளசி" என்றார். கேட்டால்தானே! நோட்டை இழுத்து அவனே எழுதி, அவனே முதல் கையெழுத்தையும் போட்டான். மற்றவர்களும் போட்டார்கள். சுதாவின் தம்பி சிவசங்கர் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு அவனும் போட்டான்.

அமாவாசையன்று மத்தியானம். துளசிங்கம் புது வலையைப் படகில் ஏற்றிவிட்டு வந்து, கூடைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தான். விசில் கூட அடித்தான். அப்போது முனியம்மா வந்தாள். சேலை நனைந்திருந்தது. இடுப்பில் துண்டு சுற்றிய ஒரு பொட்டலம். வந்தவள் கதவைச் சாத்தினாள்.

"இன்னாக்கா, கதவச் சாத்தறே?"

முனியம்மா துண்டைப் பிரித்தாள். ஐந்து லிட்டர் ஆயில் கேன். பாதிக்குச் சேறும் கறுப்பு எண்ணெயுமாக இருந்தது. பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ட்டில் 'துளசிங்கம்' என்று எழுதி, கீழே ஒரு மீன் போட்டிருந்தது. அந்த மீனை அவனைத் தவிர வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள். பார்த்தால் கத்தரிக்காய்க்கு வால் முளைத்தது மாதிரி இருக்கும்.

காலிக் கேனை வலைக்கு மிதப்பாகக் கட்டுவது குப்பத்து வழக்கம். அடுத்தவன் அவிழ்த்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று வாங்கின அன்றைக்கே அதில் பேர் எழுதிவிடுவார்கள். மிதப்புக்குத் தேறாத கேனில் மோட்டாரிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றி, நடு ஏரியில் நழுவவிடுவதும் வழக்கம்தான். அதற்கு மட்டும் யாரும் பேர் வைத்ததில்லை. பேர் எழுதின டப்பாவை ஏரியில் போட்டுவிட்டு, போட்டவனைக் கண்டுபிடி என்று கத்துவதற்கு புன்னைக்குப்பத்துக்காரர்களால்தான் முடியும்.

சுதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"யாருக்கும் காட்டலபா" என்றாள் முனியம்மா. "நாளைக்கு உன் பாடு. நீ எத்தினி நாளா காத்துக்கினு கெடக்கறேன்னு எனக்குத் தெரியாதா? எங்கனா பொதைச்சிடு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். பதிலுக்குத் திட்டியும் இருப்பான். அவள் காலைப் பார்த்தான். கணுக்கால் வரை எண்ணெய்க் கறுப்பு ஏறி, சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது. எட்டு வருடமாக நாலு மாதத்துக்கு ஒரு கேன். அவனே விட்டது, அவன் கையால் விட்டது.

"அந்தப் புகைக்காரனுங்க வுட்றத விடவா, அக்கா..." என்று ஆரம்பித்தான். குரலில் சுரத்தே இல்லை.

"அவனுங்கள வுடணும்னு யாரு சொன்னா? போய் சட்டையப் புடிச்சிக் கேளு, நானும் வரேன். ஆனா புடிக்கறப்ப உன் கையி வழுக்கக் கூடாதுல்ல?"

அவள் போய்விட்டாள். துளசிங்கம் கேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். புதைத்துவிட்டால் நாளைக்குப் பாடு. வெளியே சொன்னால் மறுபடியும் தார்ப்பாய். சுதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "அந்த மீனு மட்டும் கொஞ்சம் நல்லா போட்டிருக்கலாம்" என்றாள். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சாயங்காலம் வலைக்கூடத்தில் ஆண்கள் எல்லாம் இருந்தார்கள். துளசிங்கம் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். மெதுவாகப் பேச அவனுக்கு எங்கே வரும்? தப்பை ஒப்புக்கொள்வதற்கும் அவனுக்கு ஒரே வழிதான் தெரியும்.

"எவன்டா இத ஏரில போட்டது?" என்று கூரை அதிரக் கத்தினான். "யாருடா அந்த அறிவுகெட்டவன்? படிக்கிறேன் கேளுங்க! து-ள-சி-ங்-கம்! எங்க இருக்கான் அந்த ஆளு? எட்டு வருசமா ஊத்திக்கினு இருக்கான், மானங்கெட்டவன்! ஊரான திட்றதுக்கு மட்டும் வாயி காது வரைக்கும் கிழியுது! தலைவரே, வெட்டுங்க இவன் பாட்ட! நாளைக்கே வெட்டுங்க!"

பெருமாள் பீடியைக் கீழே போட்டுவிட்டார். யாரையோ அடிக்கப் போகிறான் என்று எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தன்னைத் தானே இப்படி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டிக்கொள்கிற மனுஷனை அவர்கள் பார்த்ததில்லை.

மூலையிலிருந்து சிவசங்கர் மெல்ல எழுந்தான். "மாமா... உன்னுது கிடைச்சிடுச்சி. என்னுது இன்னும் கிடைக்கல. அவ்ளோதான் வித்தியாசம்."

"டேய், நீயுமா?"

"நான் மட்டுமா? கேளு."

ஒருத்தன் தரையைப் பார்த்தான். ஒருத்தன் கூரையைப் பார்த்தான். கடைசியில் பெருமாளே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என் கேனு பச்சை பெயின்ட்டு" என்றார். அவ்வளவுதான், கூடமே வெடித்தது. சிரித்துச் சிரித்து ஒருத்தன் வலைக் குவியலில் விழுந்தான். நோட்டைப் பிரித்துப் பார்த்தால், கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் திருடர்கள்!

சிரிப்பு அடங்கியதும் பெருமாள் தீர்ப்புச் சொன்னார். "நோட்டுல எழுதுனது எழுதுனதுதான். நாளைக்குத் துளசி பாடு கிடையாது. மத்தவனுக்கும் கிடையாது. நாளைக்கு ஏரில ஒரு வலையும் எறங்கக் கூடாது. எல்லாரும் போய் அவங்கவங்க டப்பாவ அள்ளிக்கினு வரணும். ஏரிக்குள்ள இனிமே மோட்டாரும் வேணாம். கடலுக்குப் போறப்ப போடு, இங்க கோல் ஊனித் தள்ளு. கை என்ன தேஞ்சா போவும்?"

மறுநாள் காலை படகுகள் எல்லாம் ஒரே வரிசையாகக் கிளம்பின. மோட்டார் சத்தம் இல்லை, புகை இல்லை. கோல் தண்ணீரில் விழுகிற சத்தமும் பேச்சும் சிரிப்பும்தான். ஆனால் டப்பா எங்கே கிடக்கிறது என்று ஒரு ஆணுக்கும் தெரியவில்லை. ஏரியின் அடி பெண்களுக்குத்தான் தெரியும். முனியம்மா முன்னால் இறங்கி, காலால் துழாவிக்கொண்டே, "இங்க ஒண்ணு... தோ, இங்க ரெண்டு. எடுங்கபா, மசமசன்னு நிக்காதீங்க!" என்று அதட்டினாள். வலைக்காரர்கள் மூச்சுப் பிடித்து முங்கினார்கள். கேன், ஆயில் பாக்கெட், அறுந்த நைலான் வலை, யாருடையதோ ஒற்றைச் செருப்பு எல்லாம் மேலே வந்தன.

ஒவ்வொரு கேனும் வெளியே வரும்போது பேரைப் படித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் விசில் பறந்தது. மத்தியானம் கரையில் வரிசையாக அடுக்கியபோது துளசிங்கத்துடையது இருபத்து மூன்று, சிவசங்கருடையது முப்பத்தொன்று.

"பாத்தியாடி சுதா!" என்று துளசிங்கம் குதித்தான். "உன் தம்பி என்ன விட எட்டு ஜாஸ்தி!"

"ரொம்பப் பெருமதான்" என்று சுதா தலையில் அடித்துக்கொண்டாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பழைய ஆயிலுக்கு இரண்டு பெரிய பீப்பாய்களைக் கரையில் நிறுத்தினார்கள். வேலை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது துளசிங்கம் மட்டும் முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அவன் இடம். அவன் நாள். புது வலை நனையாமல் படகில் கிடந்தது. காலையிலிருந்து சிரித்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் வற்றிப்போயிற்று. சட்டைப் பையில் போன் இருந்தது. மேஸ்திரிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான், திங்கட்கிழமை வருகிறேன் என்று.

"இன்னா தம்பி, அங்க பாக்கறே?" முனியம்மா பின்னால் வந்து நின்றாள்.

"எறால் ஓடுதுக்கா. எனக்குத் தெரியுது. வலை கட்டக் கூடாதே."

"வலைக்குத்தான பாடு? கைக்கு ஏது பாடு? நாப்பது வருசமா நாங்க எந்தச் சீட்டப் போட்டோம்? வா, எறங்கு."

"நானா? பொம்பளைங்க மாதிரி குனிஞ்சிக்கினா?"

"ஆமா, நீதான். வாயில இத கவ்விக்கோ. ஊருக்கும் கொஞ்சம் காது குளுரும்." பறியின் கயிற்றை அவன் பல்லில் திணித்தாள்.

கரை முழுக்க எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. ஏரியிலேயே பெரிய வாய்க்காரன் வாயில் ஓலைப் பறி! சிவசங்கர் என்னவோ கிண்டல் சொன்னான். துளசிங்கத்தால் பதில் சொல்ல முடியவில்லை. முறைத்தான். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து இரண்டு கையையும் சேற்றில் விட்டான். இருபத்தைந்து வருடமாக மீன் பிடிக்கிறவன், ஏரியின் தரையைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான். மிருதுவாக, குளிர்ச்சியாக இருந்தது. விரலை நீட்டினான். ஏதோ சுண்டி விலகியது. மறுபடி நீட்டினான். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒன்று வந்து துடித்தது. பெரிய வெள்ளை இறால். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மோந்து பார்த்தான். ஏரி வாசனைதான் அடித்தது, ஆயில் வாசனை இல்லை.

பறியில் போட்டான். இன்னொன்று. இன்னொன்று. முனியம்மாவும் சுதாவும் இரண்டு பக்கமும் குனிந்து தடவினார்கள். அரை மணி நேரத்தில் பறி கனத்து அவன் தாடை வலித்தது. வலையில் வந்திருக்கக்கூடியதில் இது கால்வாசி கூட இருக்காது. இருக்கட்டுமே! நாளைக்கும் இறங்கலாம், நாளன்னைக்கும் இறங்கலாம். யாரும் சீட்டுப் போட்டுத் தர வேண்டியதில்லை.

அப்போது, நனையாமல் தலைத்துண்டில் முடிந்து வைத்திருந்த போன் அடித்தது. ஈரக் கையால் எடுத்துப் பார்த்தான். மேஸ்திரி.

பச்சைப் பொத்தானை அமுக்கி, "நான் வரலண்ணே!" என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

கத்தியதில் பல்லிலிருந்து கயிறு நழுவி, பறி தண்ணீரில் விழுந்தது. இறால்கள் நாலா பக்கமும் துள்ளி ஓடின. கரையில் சிரிப்பு வெடித்தது. முனியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுதா பாய்ந்து பறியைப் பிடித்தாள். அடியில் ஏழெட்டு மிச்சம் இருந்தது.

துளசிங்கம் போனைக் கரையில் நின்ற சிவசங்கரிடம் வீசினான். பறியை வாங்கிக் கயிற்றை மறுபடியும் பல்லில் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் குனிந்தான்.