பக்கத்து வீட்டுச் சூடு

அக்கா, நேற்று வீடியோவில் பேசும்போது இரண்டு விஷயம் கேட்டாய். அறைக்குள்ளேயே ஏன் குல்லாவும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருக்கிறாய், பேச்சுக்கு நடுவில் ஏன் கட்டிலோரச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாய் என்று. அம்மா பக்கத்தில் இருந்ததால் சிரித்து மழுப்பிவிட்டேன். விரல் விறைத்துக் கிடக்கிறது, அதனால் நான் வாயால் சொல்லச் சொல்லப் போனே எழுதிக்கொள்கிறது. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டாதே.

என் வேலை உனக்குத் தெரியும். இங்கே வீட்டை வாடகைக்கு விட வேண்டுமென்றால் அந்த வீடு எவ்வளவு சூட்டை வீணாக்குகிறது என்று ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். ஏ-யிலிருந்து ஜி வரை ஓர் எழுத்து வரும்: ஏ நல்ல வீடு, ஜி ஓட்டை வீடு. இ-க்குக் கீழே எஃப் என்று இறங்கிவிட்டால் வாடகைக்கு விடக் கூடாது. நான் வீடு வீடாகப் போய் அறையை அளப்பேன், பரணில் சூடு காக்கப் பரப்பிய பஞ்சு எவ்வளவு கனம் என்று பார்ப்பேன், வீட்டைச் சூடாக்கும் பாய்லரையும் ஜன்னலையும் படம் எடுப்பேன். கண்ணால் பார்க்காத எதையும் எழுதக் கூடாது.

ஒன்றே ஒன்றை மட்டும் பார்க்காமலே எழுதுவோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சுவர் இருக்கும் அல்லவா? அந்தப் பக்கம் யாரோ குடியிருக்கிறார்கள், அவர்களும் வீட்டைச் சூடாக வைத்திருக்கிறார்கள் என்று நாங்களாகவே எடுத்துக்கொள்வோம். போய் விசாரிப்பதில்லை. அந்தச் சுவர் வழியாகச் சூடு போகாது என்பது கணக்கு.

நவம்பரில் லங்காஷயர் பக்கம் ஒரு பழைய மில் ஊருக்குப் போனேன். செங்கல் வரிசை வீடு. குடியிருப்பவள் நோரீன், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வீட்டுச் சொந்தக்காரர் கிளைவ். பழைய சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அதில் 'நடு வீடு, இ' என்று இருந்தது, அதாவது இரண்டு பக்கமும் வீடு.

கிளைவ் போனில் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "இங்க பாருப்பா, போன தடவை இ. இந்தத் தடவையும் இ வந்தா சந்தோஷம். எஃப் வந்துச்சுன்னா நான் ஒத்தக் காசு செலவு பண்ண மாட்டேன். வித்துட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

நோரீனும் அழைத்தாள். "பின்பக்கச் சந்து வழியா வா கண்ணு. முன்கதவ நாங்க தொறக்கிறதில்ல."

அந்தப் பக்கத்து வரிசை வீடுகளில் அப்படித்தான். தெரிந்தவர்களெல்லாம் பின்வாசல். முன்கதவு அந்நியருக்கும் சவப்பெட்டிக்கும்.

அன்றைக்குப் பனிமூட்டம். சந்தின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில், மதிலில் வரிசையாக மரக்கதவுகள். நோரீன் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அடுத்த வீட்டின் மரக்கதவும் பக்கத்தில் சாத்தியிருந்தது. மதிலுக்கு மேலே பனியில் ஒன்றும் தெரியவில்லை, எனக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

"வா வா, ஈரக் காலோட வராத, இது என் அம்மா காலத்துக் கம்பளம். பேரு என்ன சொன்ன?"

"இளமாறன்."

"அவ்வளவு நீளம் என் நாக்குல நிக்காது. மாறன். சரியா?"

சரி என்றேன். உள்ளே இதமாக இருந்தது. இந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கோட்டைக் கழற்றத் தோன்றினால் அது நல்ல வீடு. ஆனால் ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி, தரைக்கடியில் காற்று ஓடுகிற பழைய மரத்தரை. பாய்லரைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது.

"ஹீட்டிங் போடலயா?"

"எதுக்கு? எனக்குத் தேவைப்படுறதில்ல."

முன்னறையில் லேசர் வைத்து நீள அகலம் அளந்தேன். இடதுபக்கச் சுவரில் கை வைத்தபோது புரிந்தது. தோசைக்கல்லை இறக்கிய பிறகு அடுப்பு மேடை எப்படி இருக்கும், அந்தச் சூடு. அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பிறகு ஒரு கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம்.

"பக்கத்து வீட்டுக்காரங்க நல்லா எரிய விடுறாங்க போல," என்றேன்.

"பெரிலா? அவளுக்குக் குளிர் ஆகவே ஆகாது. ஜூலை மாசத்துலயும் கால்ல ரெண்டு காலுறை போடுவா."

சுவரில் உள்பக்கமாகப் பலகை ஒட்டியிருந்தால் தட்டும்போது பொத்தென்று கேட்கும். வெறும் செங்கல் என்றால் டக்கென்று கேட்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. கையை ஓங்கியதும் நோரீன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அங்க தட்டாத. இந்தச் சுவத்துல ரெண்டு தட்டு தட்டினா 'கெட்டில் வச்சாச்சு, வா'ன்னு அர்த்தம். அம்மா காலத்துலேருந்து அப்படித்தான். அதுலயும் கூப்பிட்டுட்டு டீ குடுக்கலன்னா பெரில் ஆறு மாசத்துக்குச் சொல்லிக் காட்டுவா."

சொல்லிவிட்டு அவளே ஒரு கரண்டியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தட்டு வந்தது.

"இப்ப வரலையாம்," என்று சிரித்தாள் நோரீன். "ஆம்பள இருக்கான்ல. தலையில முடி சுருட்டுற உருளை மாட்டியிருப்பா."

நானும் சிரித்தேன். 'நடு வீடு' என்று டேப்லெட்டில் குறித்தேன். வீட்டின் முன்பக்கப் படம் மட்டும் பாக்கி.

"முன்கதவத் தொறக்கணுமே நோரீன்."

அவள் முகம் மாறியது. "அது எங்கம்மாவத் தூக்கிட்டுப் போனப்பத் தொறந்தது. சரி, உன் வேலை. தோளால தள்ளு, இறுகிக் கிடக்கும்."

இரண்டு தடவை தள்ளினேன், திறந்தது. தெருவில் இறங்கி, எதிர்நடைபாதைக்குப் போய், போனை உயர்த்தினேன்.

நோரீன் வீட்டுக்கு இடதுபக்கம் வீடே இல்லை.

புல் முளைத்த காலி இடம். கவிழ்ந்து கிடந்த ஒரு கடைத் தள்ளுவண்டி. அதற்கு அந்தப்புறம் பனிமூட்டம். நோரீன் வீட்டின் பக்கச்சுவர் சிமெண்ட் பூசி மொட்டையாக நின்றது. பூச்சுக்குள்ளிருந்து ஒரு பழைய கணப்படுப்பின் வடிவம் லேசாகப் புடைத்துத் தெரிந்தது. காலி இடத்தின் பின்னால் மதிலும் மரக்கதவும் மட்டும் அப்படியே நின்றன. நான் சந்திலிருந்து பார்த்த அதே கதவு.

புல்லில் நடந்து போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். ஐஸ். உள்ளே ஓடி வந்து அதே இடத்தில் கை வைத்தேன். சூடு.

"நோரீன், பக்கத்துல வீடே இல்ல."

"இல்லதான். இடிச்சு ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப பெரில்?"

நோரீன் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னாள். "அதுக்கு முந்தின குளிர்காலமே போயிட்டா. ஆஸ்பத்திரியில. அங்கேருந்து நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க, வீட்டுக்கே கொண்டு வரல. முன்கதவு வழியா அவ வெளிய போகவே இல்ல, மாறா. போகாதவ எங்க இருப்பா? வீட்ட இடிச்சா மட்டும் போயிடுவாளா?"

என்னால் வேலையைப் பற்றி மட்டும் பேச முடிந்தது. "இது இப்ப கடைசி வீடு. இந்தச் சுவர் வெளிச்சுவர். அப்படி எழுதினா எஃப் வரும்."

"எழுதாட்டி?"

"நான் எடுத்த படத்துலயே தெரியுதே."

"கையவச்சுப் பாரு. சூடா இருக்கா இல்லையா? அத எழுது."

"அதை எழுத இடமே இல்ல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் பொறந்தது மாடியில, அந்தச் சின்ன ரூம்ல. இந்த வீட்ட விட்டுப் போனா முன்கதவு வழியாத்தான் போவேன்னு வச்சிருந்தேன். பெட்டியத் தூக்கிட்டுப் பின்வாசல் வழியா இல்ல."

எஃப் வந்தது. ஆனால் நான் சும்மா விடவில்லை அக்கா. மூன்று ராத்திரி தூக்கமில்லாமல் மானியம் ஏதாவது உண்டா என்று தேடினேன். குறைந்த வருமானக்காரர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வெளிச்சுவரின் உள்பக்கம் பஞ்சுப் பலகை பொருத்தித் தரும் திட்டம் ஒன்று இருந்தது. கிளைவ் ஒரு காசு கொடுக்க வேண்டாம். பலகை வைத்தால் இ வந்துவிடும். குடியிருப்பவர் சம்மதம் மட்டும் வேண்டும். நோரீனிடம் போனில் சொன்னேன்.

"அந்தச் சுவத்த மூடுறதா?"

"ஆமா. கனமா மூடிடுவாங்க. அப்புறம் இந்தப் பக்கச் சூடு அந்தப் பக்கம் போகாது."

"அந்தப் பக்கச் சூடு இந்தப் பக்கம் வராதுன்னும் சொல்லு." பிறகு அவளே தொடர்ந்தாள். "அவ தட்டினா எனக்குக் கேக்காது. நான் தட்டினா அவளுக்குக் கேக்காது. குளிர்ல நிக்கப் போறா, பாவி மக."

ஆனால் கிளைவ் அதற்குள் வீட்டை வாங்குகிற ஆட்களைப் பார்க்க அனுப்ப ஆரம்பித்துவிட்டார். நோரீன் சம்மதித்தாள்.

பிப்ரவரியில் ஒரு மதியம், மறுசான்றிதழுக்காகத் திரும்பப் போனேன். பின்வாசல் வழியாகத்தான். நோரீன் கோட்டு போட்டுக்கொண்டு அடுக்களை ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"பாரு உன் வேலைய. பாய்லர் ராத்திரி பகலா ஓடுது, குளிர் போகல. பலகை அடிச்ச நாள்லேருந்து சின்னச் சத்தம் கூட இல்ல. கோவமா, போயிட்டாளான்னு தெரியல."

முன்னறைக்குப் போனேன். இடதுபக்கச் சுவர் புதிதாக, வெள்ளையாக, மொழுமொழுவென்று நின்றது. கை வைத்தேன், சும்மா சுவர். கனத்தைப் படம் எடுத்தேன். பிறகு வழக்கப்படி விரல்முட்டியால் தட்டினேன். பொத். பொத்.

அடுக்களையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"மாறா, என்ன செஞ்ச?"

"பலகை சரியா ஒட்டியிருக்கான்னு..."

"ரெண்டு தட்டு தட்டின."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான் கெட்டில் கூட வைக்கலையே," என்றாள் நோரீன், சின்னக் குரலில்.

சுவரிலிருந்து பதில் வரவில்லை. முன்கதவிலிருந்து வந்தது. இரண்டு தட்டு, நிதானமாக.

ஜன்னல் பக்கத்தில்தான் நின்றேன். வாசற்படி அங்கிருந்தே முழுசாகத் தெரிந்தது. படியில் யாரும் இல்லை.

"போய்த் தொற," என்றாள் நோரீன்.

"நானா?"

"கூப்பிட்டது நீதான?"

நவம்பரில் தோள் கொடுத்துத் தள்ளிய கதவு அது. இப்போது தாழ்ப்பாளில் விரல் பட்டதும் திறந்துகொண்டது. வெளிக்குளிர் முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால், என் இடது தோளை உரசிக்கொண்டு, ஒரு சூடு உள்ளே போனது. கொதிக்கிற பாத்திரத்தை யாரோ பக்கத்தில் தூக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும், அப்படி. ரோஜாப்பூ பவுடர் வாசனை.

உள்ளே நோரீன் பேசுவது கேட்டது. "காலைத் தொடச்சிட்டு வா. ஆறு வருஷமா அங்கயே நின்னு என்னத்தக் கண்ட? கழுதை, முன்னாடியே வந்திருக்கலாம்ல." பேச்சு நின்று, ஏதோ பதில் கேட்பது போல ஒரு இடைவெளி. "ஆமாமா, அவன்தான். பயந்தாங்கொள்ளி. ஆனா நல்ல பையன்."

நான் அடுக்களைக்குத் திரும்பி வந்தபோது அவள் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மேஜையில் இரண்டு கோப்பை. எதிர் நாற்காலியின் மெத்தை நடுவில் குழிந்திருந்தது. அந்த நாற்காலியிலிருந்துதான் அறை முழுக்கச் சூடு வந்தது. நோரீன் எழுந்துபோய் ஹீட்டிங்கை அணைத்தாள்.

"என்ன எழுத்து வந்துச்சு?"

"இ."

"போதும். நான் எங்கயும் போகலன்னு கிளைவ்கிட்ட சொல்லிடு."

ஒரு வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று எங்கள் வேலையில் கேள்வியே கிடையாது அக்கா. வீட்டின் அளவை வைத்து மென்பொருளே ஓர் எண்ணிக்கை போட்டுக்கொள்ளும். எனக்கு அது அன்றைக்கு ஒரு பெரிய உபகாரமாக இருந்தது. கணக்கை அனுப்பிவிட்டுப் பையை எடுத்தேன்.

பின்வாசல்வரை நோரீன் கூட வந்தாள். முகம் பழையபடி ஆகியிருந்தது. என் கையைப் பிடித்து, கேலியும் அக்கறையுமாகச் சொன்னாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், மாறா. யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் பெரில் பதிலுக்கு ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போயிட்டு வருவா. மரியாதைக்கு. ரொம்ப நேரம் உக்கார மாட்டா. நீ கண்டுக்காத."

என் அறை வரிசையில் கடைசி, இரண்டாம் மாடி. கட்டிலோரச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம். அதனால் அந்தச் சுவர் எப்போதும் குளிர்ந்துதான் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும், வேலை முடிந்து வந்ததும், உன்னோடு பேசும்போதும் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். இதுவரை ஐஸ் மாதிரிதான் இருக்கிறது.

ஹீட்டர் கெட்டுப்போகவில்லை அக்கா, பணத்துக்காகவும் இல்லை. அதைப் போட்டால் சுவரும் சூடாகிவிடும். அப்புறம் எந்தச் சூடு யாருடையது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.