அவள் பேரில் வாங்கிய சைக்கிள்

கறம்பக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அன்வர் பாட்சா நல்லவன்தான். தொழுகை தவறாதவன், வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காதவன், பெண்டாட்டியை நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்லாதவன். ஆனால் சைக்கிள் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த நல்ல குணம் கொஞ்சம் நெளியும். நாற்பதை நெருங்குகிற வயதில் அப்படி ஒரு பைத்தியம் அவனுக்குப் பிடித்திருந்தது.

அவனிடம் ஒரு ரோடு பைக் இருந்தது. ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், மெல்லிய டயர், ஒரு கையால் தூக்கிவிடலாம். தை பிறந்ததிலிருந்து புரட்டாசி வரைக்கும் அதற்கு ஈடு இணை கிடையாது. காலைத் தொழுகை முடிந்ததும் கந்தர்வக்கோட்டை ரோட்டில் ஏறினான் என்றால், வெயில் சூடு பிடிப்பதற்குள் போய்த் திரும்பிக் கடையைத் திறந்துவிடுவான். ஐப்பசி வந்தால் அதே சைக்கிள் ஒன்றுக்கும் உதவாது. ஓரத்துச் செம்மண்ணெல்லாம் கரைந்து தார் மேல் ஏறிவிடும். குளம் நிறைந்து தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடும். மெல்லிய டயர் வழுக்கும், பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சேறு அடைத்துக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க அதைக் கடைச் சுவரில் மாட்டிவிட்டு, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

இந்த மாதிரி மழைக்கும் சகதிக்கும் என்றே சைக்ளோகிராஸ் என்று ஒரு வகை இருக்கிறது. பார்வைக்கு ரோடு பைக் போலவேதான் தெரியும், அதே வளைந்த ஹேண்டில். ஆனால் டயர் அகலம், அதில் சேற்றைப் பிடித்து ஓட முள் முள்ளாகப் பற்கள், சேறு தங்காமல் விழ நல்ல இடைவெளி. தாரிலும் ஓடும், வரப்போரத்திலும் ஓடும். அன்வர் அதைப் போனில் பார்த்துப் பார்த்து ஏங்கினான். இருக்கிற சைக்கிளே பாதி வருடம் தொங்கும்போது இன்னொன்று வேண்டும் என்று வீட்டில் எந்த முகத்தோடு கேட்பது?

அந்த வருடம் ஆவணியில் அவன் பெண்டாட்டி சாமியா தானாக வந்து வாயைத் திறந்தாள்.

"எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்களேன் மச்சான். ஞாயித்துக்கிழமையில ஒங்களோட நானும் வாரேன்."

சாமியா அவனுடைய மாமன் மகள். பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் மழை வெயில் பாராமல் பள்ளிக்கூடம் போய் வந்தவள். இரண்டு பிள்ளைகள் பிறந்து, அவர்களும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, மறுபடியும் சைக்கிள் ஏற வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்திருந்தது. அன்வருக்கு அவள் ஆசை காதில் விழுந்ததோ இல்லையோ, மழைக்காலம் கண்ணில் தெரிந்தது. "மழையிலயும் ஓட்டுற மாதிரி நல்லதா வாங்கிருவோம்" என்று உடனே தலையை ஆட்டினான்.

புரட்டாசிக் கடைசியில் தனியாகத் திருச்சிக்குப் போனான். கடைக்காரர் முதலில் கேட்டது மேடம் எவ்வளவு உயரம் என்றுதான்.

"என் தோளுக்கு வருவா."

"அப்ப அவங்களுக்குச் சின்ன பிரேம் சார். இப்ப கையில இல்ல, பதினஞ்சு நாள்ல வந்துரும். இங்க நிக்கிறது பெரிய அளவு. இது ஒங்களுக்குத்தான் கரெக்டா இருக்கும்."

கடைசி வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருந்தாலாவது அன்வர் தப்பித்திருப்பானோ என்னவோ. ஏறி உட்கார்ந்து பார்த்தான். கையும் காலும் அதனதன் இடத்தில் போய் அமர்ந்தன. பதினைந்து நாளில் மழை தொடங்கிவிடும், அப்படி வருவதும் தன் காலை நீட்டி மிதிக்க முடியாத சின்ன சைக்கிளாக இருக்கும் என்று கணக்குப் போட்டான். "இதையே குடுங்க, சீட்ட எறக்கிக்கலாம்" என்றான். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ரசீது போட்டார்.

வீட்டில் சாமியா அந்த நீலச் சைக்கிளைத் துப்பட்டாவாலேயே துடைத்தாள், போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். மறுநாள் விடிந்ததும் ஸ்கார்ஃபுக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். சீட்டை அடியோடு இறக்கியும் கால் விரல்தான் தரையைத் தொட்டது. ஹேண்டிலைப் பிடிக்க உடம்பையே முன்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"எட்டலயே மச்சான்."

"இந்த வகை சைக்கிள் அப்பிடித்தான் இருக்கும். பழகப் பழகச் சரியாயிரும்."

அவன் சொன்னதை அவள் நம்பினாள். சைக்கிள் விஷயத்தில் அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்? ஒவ்வொரு ஞாயிறும் போனாள். திரும்பி வந்ததும் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொள்வாள், மரத்துப்போன விரல்களை உதறிக்கொள்வாள். ஊருக்கெல்லாம் வலி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மழை வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள், அவன் ஆரம்பித்தான். சும்மா நின்றால் செயின் துருப்பிடித்துவிடும் என்று ஒரு சப்பைக்கட்டு கட்டினான். சீட்டுத் தண்டில் பென்சிலால் இரண்டு கோடு போட்டுக்கொண்டான், அவளுக்குக் கீழ்க்கோடு, தனக்கு மேல்கோடு. தினமும் காலையில் ஏற்றுவான், வீட்டுக்கு வரும்போது தெரு முக்கிலேயே நின்று இறக்கிவிடுவான். சேறும் தண்ணீருமாக முந்திரிக்கொல்லைப் பாதைகளில் அவன் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கூட ஓட்டுகிற சூர்யபிரகாஷ் ஒருநாள் நனைந்துகொண்டே கேட்டான்.

"தங்கச்சிக்கு வாங்குனதா, ஒனக்கு வாங்குனதாடா இது? தச்சு வச்ச மாதிரியில்ல இருக்கு?"

அன்வர் சிரித்து மழுப்பினான். அன்றைக்கு முதன்முதலாக நெஞ்சு குறுகுறுத்தது. ஆனால் அந்தக் குறுகுறுப்பு வீடு வரைக்கும் நிற்கவில்லை, மறுநாளும் சீட்டை ஏற்றினான்.

தை பிறந்து ரோடு காய்ந்ததும் சாமியா விடாமல் மறுபடி ஏறினாள். அன்வர் தன் ரோடு பைக்கை இறக்கிக்கொண்டான். அறுப்பு முடிந்த காலம். கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள், பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி அடித்துக் கொடுக்கும். மெல்லிய டயர்க்காரன் அதில் ஏற முடியாது என்று அன்வர் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான். பின்னால் வந்த சாமியா அகல டயரை நம்பிச் செடி மேலேயே விட்டாள். டயர் அதை எளிதாகத் தாங்கியது. அப்போது எதிரே பஸ் வந்தது. அவள் பிரேக் பிடித்து நிறுத்திக் காலை ஊன்றப் போனாள், பாதம் தரைக்கு எட்டவில்லை. நின்ற சைக்கிளோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள்.

பஸ்காரர் நல்லவேளையாக நிறுத்திவிட்டார். கொள்ளைப் புரட்டிக்கொண்டிருந்த அழகி என்கிற அம்மாள் ஓடி வந்து தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"ரெண்டு புள்ளக்காரிங்கிற, ஒனக்கு எதுக்கும்மா இந்த வெளையாட்டு?"

"அதான்க்கா" என்றாள் சாமியா. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தாள்.

அன்வர் திரும்பி வந்து நின்றான். 'அளவு தப்பான சைக்கிளால்தான் விழுந்தாள்' என்று அங்கே அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தான். "பாத்து வரக்கூடாதா?" என்றுதான் வார்த்தை வந்தது. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் பேச முடியுமா என்று அவனுக்கே தோன்றியது. அதற்கப்புறம் சாப்பிட்டாலும் கடையில் இருந்தாலும் அவளுடைய அந்தச் சிரிப்புதான் கண்முன் நின்றது.

அடுத்த வாரம் பராஅத் வந்தது. அந்தப் புனித இரவு தொடங்குவதற்கு முன்னே ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது அவர்கள் குடும்பத்து வழக்கம். மனிதரிடம் செய்த குற்றத்தை அந்த மனிதர் மன்னித்தால்தான் உண்டு, அல்லாஹ்விடம் போய் நின்று பயனில்லை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் அன்வர். கருக்கலில் சாமியா அடுப்படியில் அரிசி மாவு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவன் போய் நின்றான்.

"தெரிஞ்சும் தெரியாமயும் நான் ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிரு சாமியா."

வருடா வருடம் சொல்கிற அதே வாசகம். இந்த முறை அதற்குள்ளேயே சைக்கிளையும் சேர்த்து மடித்து வைத்துக் கொடுத்துவிடலாம் என்பது அவன் திட்டம்.

"மன்னிச்சேன் மச்சான்" என்றாள் அவள் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே. அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. வேலை இத்தனை சுலபமாக முடிந்துவிட்டதே என்று திரும்பப் போனவனை அவள் நிறுத்தினாள். அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"எனக்கும் ஒங்ககிட்டக் கேக்கணும். நான் பொதுவாக் கேக்கல. ஆசைஆசையா அந்தச் சைக்கிள வாங்கிக் குடுத்தீங்க. என் ஒடம்பு அதுக்கு லாயக்கில்ல மச்சான். கழுத்து வலிக்குது, கை மரத்துப் போகுது, நிப்பாட்டக்கூடத் தெரியல. நல்ல சைக்கிள வீணாக்கிட்டேன். அம்மாகிட்டகூடச் சொல்லி அழுதேன், என் ஒடம்பு வீணாப் போச்சும்மான்னு. என்னைய மன்னிச்சிருங்க. இனிமே அத நீங்களே ஓட்டுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. இப்போதாவது சொல்லிவிடு என்று அன்வருக்குள்ளே ஏதோ இடித்தது. ஆனால் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் என்று ஒன்று பழக்கத்தில் இருக்கிறதே, அது முந்திக்கொண்டது.

"மன்னிச்சேன்" என்றான்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள், ரொட்டியையும் பழத்தையும் தட்டில் வைத்து நீட்டினாள். அவன் தட்டை வாங்கி அப்படியே ஓரமாக வைத்தான். தான் செய்த குற்றத்துக்கு அவளை மன்னித்துவிட்டு நிற்கிறோமே, இப்படி ஓர் அநியாயம் உண்டா என்று மனசு அறுத்தது. அன்று பள்ளிவாசலில் எல்லோரும் கையேந்தியபோது அவனுக்கு மட்டும் கேட்க வாய் வரவில்லை.

விடிந்தது. பராஅத்துக்கு மறுநாள் என்று இரண்டு பேருக்கும் நோன்பு. நீலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இப்போது அது அவனுக்கே சொந்தம், ஒளிந்து நின்று சீட்டை இறக்க வேண்டியதில்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டான்? முந்திரி பூத்திருந்தது, பாதையில் பனி இறங்கியிருந்தது, சைக்கிள் பூப்போல ஓடியது. உடம்புக்கு எவ்வளவு சுகமாக இருந்ததோ அவ்வளவுக்கு அவனால் தாங்க முடியவில்லை. இந்தச் சுகம் அவள் அளவில் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியதல்லவா? நாலு மாதமாக ஒரு பெண்ணைத் தன் உடம்பையே வெறுக்க வைத்திருக்கிறோம் என்று நினைத்ததும் மிதிக்கக் கால் வரவில்லை. பாதியிலேயே இறங்கி, வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தான்.

சாயங்காலம் நோன்பு திறக்கச் சற்று நேரம் இருந்தது. சாமியா பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்தச் சைக்கிள் ஒன் அளவே இல்ல சாமியா" என்றான்.

"எனக்குத்தான் அளவு பத்தல. தெரிஞ்சதுதான மச்சான்?"

"இல்ல. ஒனக்குன்னு சின்ன அளவு இருக்கு. கடைக்காரரு அன்னைக்கே சொன்னாரு, பதினஞ்சு நாள்ல வரும்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். மழைக்கு நான் ஓட்டணும்னு என் அளவுல வாங்கிட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். கை தானாக முழங்கைக் காயத்துக்குப் போனது.

"அப்ப என் கழுத்து?"

"ஒன் கழுத்துல ஒண்ணும் இல்ல."

"கையி?"

"ஒன் ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. எல்லாம் என்னாலதான்."

பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அவள் ஒரு பேரீச்சம்பழத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு, தானும் ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அன்வர் பிழைத்துப் போயிருப்பான்.

"மன்னிச்சிரு சாமியா. நேத்துக் கேட்டப்ப இதையும் மனசுல வச்சுத்தான் கேட்டேன்."

"பொதுவாக் கேட்டதுல இது சேராது" என்றாள். "நேத்து நான் கேட்டேனே, மன்னிச்சேன்னு சொன்னீங்களே. எதுக்கு மன்னிச்சீங்க?"

அவன் எடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

"அத மொதல்ல திரும்ப எடுங்க."

கொடுத்த மன்னிப்பை எப்படித் திரும்ப எடுப்பது? பள்ளிவாசலில் எந்த ஹஜ்ரத்தும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. "நீ ஒண்ணும் பண்ணல சாமியா, மன்னிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றான். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சின்ன சைக்கிளுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லுங்க. நானே திருச்சிக்கு வந்து ஏறிப் பாத்துத்தான் எடுப்பேன்."

"சொல்லிர்றேன். அப்ப என்னைய மன்னிச்சிட்டியா?"

சாமியா தொழுகைக்கு எழுந்தாள்.

"நான் வெயில்ல ஓட்டிப் பாக்கணும், மழையில ஓட்டிப் பாக்கணும், பனியிலயும் ஓட்டிப் பாக்கணும் மச்சான். எனக்குக் கழுத்து வலிக்குதா, கை மரத்துப் போகுதான்னு தெரியணும். அடுத்த பராத்துக்குக் கேளுங்க, சொல்றேன்."

"ஒரு வருசம் இருக்கே சாமியா. அதுவரைக்கும் நான் இதத் தூக்கிட்டு எப்பிடி இருக்கிறது?"

"நான் இருந்தேன்ல" என்றாள் அவள்.