இருபத்தெட்டு டிகிரி

வாடிய தக்காளிச் செடியின் தண்டுத் துண்டுகளைக் கண்ணாடித் தட்டில் வைத்து எட்டு நாள் ஆகியும் பூஞ்சை ஒரு நூல்கூட வளரவில்லை. நோய் இல்லை என்று விவசாய அலுவலகத்துப் பரிசோதனை அதிகாரி கோவிந்தன் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பாலக்கோட்டுப் பக்கமிருந்து அந்தச் செடியைக் கொண்டுவந்திருந்த மாதம்மாள் வாசலில் காத்திருந்தாள்.

தட்டுகள் இருந்த அறையைப் பார்த்துக்கொண்டது காசிம். கல் உடைத்துக்கொண்டிருந்தவன், தற்காலிக வேலையில் சேர்ந்து ஒரு வருஷம். அதை நிரந்தரமாக்கும் சிபாரிசுக் கடிதம் கோவிந்தனின் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

பூஞ்சை இருந்தால் அது வளர, அறை இருபத்தெட்டு டிகிரியில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே கோவிந்தன் சொல்லியிருந்தார். சன்னலில் தொங்கிய சாக்குகளை நனைத்துக்கொண்டே இருந்தால் அது நிற்கும். கிணறு வற்றியபின் சாக்கு காய்ந்து அறை சூடானது. காசிம் நோட்டில் மட்டும் இருபத்தெட்டு என்றே எழுதிவந்தான். கல்குவாரியில் மேஸ்திரி சொன்னதைத்தான் எழுதுவார்கள், நடந்ததை யாரும் கேட்டதில்லை.

கோவிந்தன் வெளியே வந்து, தண்ணீர் அதிகமானதால்தான் செடி வாடியது என்றார்.

"அப்போ நாளைக்கே அந்தக் காட்டுல நாத்து நடலாங்களா?" என்றாள் மாதம்மாள்.

வயல் மண்ணில் நோய் இருந்தால் அந்த நாற்றும் போகும் என்று காசிமுக்குத் தெரியும்.

"சார், நோட்டுல இருக்கறது பொய்ங்க."

கோவிந்தன் மெதுவாகத் திரும்பினார். "நெசமா எவ்ளோ இருந்துச்சு?"

"முப்பத்தெட்டுங்க. ரெண்டு நாளு நாப்பது."

அந்தச் சூட்டில் இந்தப் பூஞ்சை வளராது என்பது கோவிந்தனுக்குத் தெரியும். மறுபடி பார்க்க வேண்டும், எட்டு நாள் பொறுங்கள் என்றார். அதற்குள் நாற்று முத்திப்போகும் என்று மாதம்மாள் காசிமைப் பார்த்துக் கொதித்தாள்.

"மொதல்லியே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

மீதித் தண்டுகளைப் புதுத் தட்டுகளில் வைத்தார்கள். காசிம் இரண்டு மைல் தள்ளியிருந்த கிணற்றிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவந்து, ராத்திரி பகலாகச் சாக்கை நனைத்தான். ஐந்தாம் நாள் எல்லாத் தட்டிலும் பூஞ்சை பஞ்சுபோல் வெள்ளையாக ஏறியிருந்தது.

எட்டாம் நாள் வந்த மாதம்மாளிடம், அந்தக் காட்டில் சில வருஷம் தக்காளி வேண்டாம், கேழ்வரகு போடுங்கள் என்றார் கோவிந்தன். முத்தின நாற்றை ஆட்டுக்குப் போடுவதாகச் சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

சிபாரிசுக் கடிதத்தை அவர் குறுக்காகக் கிழித்தார். "பொய் எழுதுனவனுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது காசிம். மாசக் கடைசி வரைக்கும் இரு."

"இல்லீங்க சார். இன்னிக்கே போறேன்."

பாலக்கோட்டு பஸ்ஸில் மாதம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மண்டியில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்களா என்று காசிம் கண்டக்டரிடம் விசாரித்தான். அவள் திரும்பவில்லை.