பத்து மீட்டருக்குள்

எங்கள் பாராசூட் கிளப்பில் என்னைக் கண்டால் எல்லாருக்கும் கொஞ்சம் உதறல்தான். விமானத்திலிருந்து குதிப்பவர்களின் நோட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. எத்தனையாவது குதிப்பு, திடலில் போட்டிருக்கும் குறியிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இறங்கினான் என்று பார்த்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். பதினொன்றைப் பத்தாகப் போடச் சொல்லிக் கெஞ்சியவர்களை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பியிருக்கிறேன். துரீட்டிடம் பருப்பு வேகாது என்பார்கள்.

என் தம்பி யோஸ்டைனுக்கு மட்டும் வெந்தது.

அவனுக்கு மலையிலிருந்து குதிக்கவேண்டும். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் லீசே ஃபியோர்டின் மேல் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு நிற்கிறதே அந்தப் பாறை, அதன் விளிம்பிலிருந்து. விமானத்திலிருந்து என்றால் பிசகினாலும் சரிசெய்ய நேரமிருக்கும், முதுகில் இரண்டாவது பாராசூட் இருக்கும், இறங்கப் பெரிய திடல் இருக்கும். மலையில் ஒரே பாராசூட்தான். கீழே கடலோரமாக ஒரு துண்டுப் புல், சுற்றிலும் கற்பாறை. அதனால் புதியவர்களை மலைக்குக் கூட்டிப்போகிற கௌத்தே கண்டிப்பாக இருந்தான். இருநூறு குதிப்பு முடிந்திருக்கவேண்டும், கடைசி முப்பதும் குறியிலிருந்து பத்து மீட்டருக்குள் இறங்கியிருக்கவேண்டும்.

வானத்தில் யோஸ்டைனை அடிக்க ஆளில்லை, தண்ணீரில் மீன் மாதிரி விளையாடுவான். இறங்கும்போதுதான் சொதப்புவான். குறியைத் தாண்டி முப்பது, நாற்பது மீட்டர் போய்த்தான் நிற்பான். எப்போதும் தாண்டித்தான், ஒருமுறைகூட குறிக்கு முன்னாலேயே இறங்கியதில்லை. இன்னொரு கோடை பழகு என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், நான் பாராசூட் மடித்துக்கொண்டிருந்த கூடத்துக்கு ஜாம் தடவிய வாஃபிள் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, வானத்துல நான் எப்படின்னு உனக்குத் தெரியும்ல. இந்த மீட்டரை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடேன்."

போட்டேன். நாலு, ஏழு, மூன்று, ஒன்பது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமென்று மாற்றி மாற்றிப் போடத் தெரிந்தது எனக்கு, பாவி. ஊரையே அதட்டுகிறவள் தம்பியிடம் வாலைச் சுருட்டிக்கொண்டேன். இருநூறாவது குதிப்பு அன்று வழக்கப்படி எல்லாரும் சேர்ந்து அவன் முகத்தில் கேக்கை அப்பினோம். கௌத்தே நோட்டைப் புரட்டிவிட்டு, உன் அக்கா கையெழுத்து இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் நல்ல வெயில், காற்றே இல்லை. நான் சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு அந்தப் புல் துண்டின் நடுவில் நின்றேன், என்னையே குறியாக வைத்துக்கொள்ளட்டும் என்று. புல்லுக்கே போ என்று சொல்லித்தான் கௌத்தே மேலே இருந்து அவனை அனுப்பினான். யோஸ்டைன் பாறையை விட்டு நன்றாக விலகிப் பறந்தான், பாராசூட்டும் நேராக விரிந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. பிறகு வழக்கம்போல உயரமாகவே வந்தான். என்னைத் தாண்டி நேரே போயிருந்தால் கடல். அங்கே மீட்புப் படகு காத்திருந்தது. நனைந்துகொண்டு, என்னிடம் நாலு வசவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பான்.

அவன் நேரே போகவில்லை. தலைக்கு மேல் கடந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தான். தரைக்குப் பக்கத்தில் வந்த பிறகு கயிற்றை இழுத்து என் பக்கம் திரும்பினான். அவ்வளவு தாழ்வில் திரும்பக்கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். பாராசூட் சாய்ந்து அவனைப் பாறைமேல் கொண்டுபோய் அடித்தது. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் செய்து ஒன்பதாம் நாள் கௌத்தே வீட்டுக்கு வந்தான். இனி யாரையும் மலைக்குக் கூட்டிப்போவதில்லை என்று கிளப்பில் எழுதிக் கொடுத்துவிட்டானாம். ஊற்றி வைத்த காப்பியைத் தொடவில்லை. யோஸ்டைனின் நோட்டை மேசைமேல் வைத்தான்.

"மூணு தடவை படிச்சிட்டேன் துரீட். முப்பதும் சுத்தமா இருக்கு. அப்ப நான்தான் எதையோ கவனிக்காம விட்டிருக்கேன். என்னன்னு நீயாவது சொல்லு."

சொல்லாமல் இருந்திருக்கலாம், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அவன் சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்திருப்பான், நான் துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்திருப்பேன். அந்த மீட்டரெல்லாம் நானாக எழுதியது என்று சொன்னேன்.

கத்துவான் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"நிஜமா எங்க இறங்குவான்?" என்று கேட்டான்.

"தாண்டித்தான். எப்பவும் முப்பது நாப்பது மீட்டர்."

அவன் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினான்.

"கூட்டிட்டுப் போயிருக்கவே மாட்டேன். அடம்பிடிச்சு வந்திருந்தாலும், புல்லை மறந்துடுடா, நேரா தண்ணில இறங்குன்னு சொல்லியிருப்பேன்."

இறங்கியிருப்பான். கௌத்தே பேச்சை யோஸ்டைன் தட்டமாட்டான்.