சாய்ந்த ஜக்கு

அந்த ஜக்கைப் படம் எடுக்க அவளுக்கு முழுதாக மூன்று நாள் பிடித்தது. சிரிக்காதீர்கள். நீல நிறத்தில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் ஜக்கு, அவ்வளவுதான். பின்னால் செங்கல் சிவப்பில் ஒரு பெரிய தாள். நிமிர்ந்து நின்றபோது அது வெறும் கடைச்சாமானாகத்தான் இருந்தது. அடியில் ஒரு பக்கம் ரப்பர் துண்டை முட்டுக்கொடுத்துச் சாய்த்தாள். விளிம்பு, கைப்பிடி என்று எல்லாக் கோடும் சாய்ந்தன. உள்ளே தண்ணீரின் கோடு மட்டும் அசையமாட்டேன் என்று மட்டமாக நின்றது. அந்த ஒரு கோட்டுக்குக் கீழே நீலம் கருத்தது, மேலே சிவப்பு எரிந்தது. எடுத்து முடித்து, "அப்பாடா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டுடியோ அண்ணனுடையது. எடுப்பது அவள், அனுப்புவது அவன், கீழே அச்சாவது அவன் பெயர். ஆறு வருடமாக இதே கதை. கேட்டால், "குடும்பத்துக்குள்ள என்னடி உன் பேரு, என் பேரு?" என்பான். குடும்பம்தானே, ஒரு தடவை அவள் பெயரைப் போட்டால் இந்த மகராசனுக்கு என்ன குறைந்துவிடும்? இந்தத் தடவை போடுகிறேன் என்று அம்மாவுக்கு முன்னால் சத்தியம் வேறு செய்திருந்தான்.

ஜக்கு கம்பெனிக்கான போஸ்டர் அச்சாகி வந்தது. கீழே அவன் பெயர். அதுகூடப் பழகிப்போன வயிற்றெரிச்சல். படத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஜக்கு நேராக நின்றது. தண்ணீர் சாய்ந்திருந்தது.

"யாரு இதுல கை வெச்சது?"

"நான்தான். கோணலா எடுத்து வெச்சிருந்தே. கம்ப்யூட்டர்ல திருப்பி நேராக்கினேன். அதுக்கு நன்றி சொல்லுவியா, அதை விட்டுட்டு..."

"ஜக்கை நேராக்கினே, சரி. தண்ணி?"

அவன் குனிந்து பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து ஜக்கு கம்பெனியின் மேனேஜரம்மா போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன சார் இது, கடைக்காரங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க! எந்த ஊர்ல தண்ணி இப்படிச் சாஞ்சுகிட்டு நிக்கும்? யார் சார் எடுத்தது இதை?"

"என் தங்கச்சி மேடம். அவதான் எடுத்தா."

நாக்கு கூசாமல் சொன்னான். ஆறு வருடத்தில் இந்த உண்மை அவன் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை, அதுவும் பழியைத் தள்ளிவிட. அவள் போனைப் பிடுங்கினாள்.

"ஆமா மேடம், நான்தான் எடுத்தேன். நான் எடுத்ததுல தண்ணி மட்டமாத்தான் இருக்கு. இப்பவே அனுப்பறேன், பாருங்க. திரும்ப அச்சடிக்கறப்போ கீழ என் பேரு வரணும். வராதுன்னா படம் கிடையாது."

"போட்டுடலாம்மா, முதல்ல அனுப்பு" என்று அவர் வைத்துவிட்டார்.

"ஸ்டுடியோ என்னுதுடி, ஞாபகம் இருக்கட்டும்!" என்று அண்ணன் கத்தினான்.

"இந்தச் சாஞ்ச தண்ணியும் உன்னுதுதான். அதுக்கு உன் பேரே இருக்கட்டும்" என்றாள். "இப்ப கம்ப்யூட்டரை விட்டு எந்திரி. நான் படம் அனுப்பணும்."